தொழிலாளர் தலைக்கவசம்

கட்டுமானம், சுரங்கம், கப்பல் கட்டுதல் போன்ற வேலைகளில் மேலிருந்து விழும் பொருளிலிருந்து தலையைக் காக்கும் கெட்டியான தொப்பி தொழிலாளர் தலைக்கவசம். வேலையிடங்களில் ஹெல்மெட் என்றே சொல்வார்கள்.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய எட்வர்டு புல்லார்டு, படைவீரர்களின் எஃகுத் தொப்பியை முன்மாதிரியாகக் கொண்டு, 1919இல் சான்பிரான்சிஸ்கோவில் சுரங்கத் தொழிலாளருக்கான தொப்பியை உருவாக்கினார். கித்தானை நீராவியில் பதப்படுத்திப் பசையேற்றி, கறுப்புப் பூச்சு கொடுத்துச் செய்தது அது. 1933இல் தொடங்கிய கோல்டன் கேட் பாலப் பணியில் தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். அலுமினியமும் கண்ணாடியிழையும் பின்னர் வந்தன. இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

வெளி ஓடுதான் தலையைக் காக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி வேலையைச் செய்வது உள்ளே குறுக்கும் நெடுக்கும் ஓடும் பட்டைகள். ஓடு அடியைப் பரவலாக்குகிறது. பட்டைகள் சற்றே இழுபட்டு, அதன் விசை கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் ஒரேயடியாக இறங்காமல் தணிக்கின்றன. ஐரோப்பியத் தரமான இஎன் 397இன் சோதனையில், 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போடும்போது உள்ளே கடத்தப்படும் விசை 5 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. ஓட்டுக்கும் தலைக்கும் இடையே வெற்றிடம் இருந்தால்தான் பட்டைகள் இழுபட முடியும். அங்கே துண்டையோ பீடிக்கட்டையோ செருகி வைப்பது ஆபத்து. வெயிலின் புற ஊதாக் கதிர்களால் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும். பலத்த அடி வாங்கிய தலைக்கவசத்தை, விரிசல் தெரியாவிட்டாலும், மறுபடி அணியக் கூடாது.

மின்பணிக்குரியவை தனி வகை. அவற்றில் காற்றுத்துளையோ வெளியில் தெரியும் உலோகமோ இருக்காது.

இந்தியாவில் இதற்கான தரம் ஐஎஸ் 2925. கட்டடத் தொழிலாளருக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள், மேலிருந்து பொருள் விழக்கூடிய இடங்களில் தலைக்கவசத்தை வலியுறுத்தின. ஆனால் தமிழ்நாட்டுக் கட்டட வேலையில் சித்தாள் பெண்களின் தலையில் இருப்பது சும்மாடும் சாந்துச் சட்டியும். சுமை தூக்கும் தலையில் கவசம் நிற்காது. ஆகவே மேலிருந்து விழும் செங்கலுக்கு நேர் கீழே நடமாடும் இவர்கள்தான் பெரும்பாலும் கவசமின்றி இருக்கிறார்கள். இது அவர்களுடைய அலட்சியமல்ல. சாந்தையும் கல்லையும் மேலேற்ற இயந்திரத் தூக்கி அமைத்து, சாரத்தின் கீழே வலை கட்டி, அதன் பிறகு தலைக்கவசத்தைக் கையில் கொடுப்பது வேலை தருபவரின் பொறுப்பு.