கீழாநெல்லியும் ஒரு குடற் பக்டீரியாவும்

உடப்புசல்லாவைத் தோட்டப்புறத்தில் மஞ்சட்காமாலைக்கு முதல் மருந்து கீழாநெல்லிதான். லயத்துக் கானோரத்தில் பறித்து, அரைத்து, மோரில் கலந்து கொடுப்பார்கள். பெரும்பாலோர் தேறினர்; மூலிகையின் பெயர் ஓங்கியது. தேறாதவர்களின் கணக்கு விதியின் பேரில் எழுதப்பட்டது.

காமாலை ஒரே நோயன்று. அசுத்த நீராலும் உணவாலும் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். இரத்தத்தின் வழியும், பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் தொற்றும் பி வகையோ சிலரின் ஈரலில் தங்கி, பல்லாண்டுகளின் பின் ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படும். கண்ணின் மஞ்சள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. இரத்தப் பரிசோதனையே காட்டும்.

அந்தப் பரிசோதனைகளுக்கு வைரஸின் புரதம் வேண்டும். ஆனால் பி வைரஸ் ஆய்வுகூடத்தில் வளர மறுத்தது. தொற்றுக்குள்ளானவரின் இரத்தத்திலிருந்தும் ஈரலிலிருந்துமே புரதத்தைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1979இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கென்னத் மரேயும் அவரது சகாக்களும் வைரஸின் மரபணுவை ஈ.கோலை என்னும் குடற் பக்டீரியாவில் புகுத்தி, வைரஸின் உட்கருப் புரதத்தை உண்டாக்கிக் காட்டினர். பக்டீரியா பெருகப் புரதமும் பெருகியது. நோய் பரப்பும் வைரஸ் அதில் இல்லை. ஒருவருக்கு இத்தொற்று எப்போதேனும் வந்ததா என்றறியும் பரிசோதனைக்கு இத்தகைய புரதமே அடிப்படையாயிற்று.

வெளியுறைப் புரதம் பக்டீரியாவில் சரிவரக் கைகூடவில்லை. 1982இல் ஈஸ்ட் அதைச் சாதித்தது. 1986இல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. 1997இல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் தன் தயாரிப்பை வெளியிட, இந்தியாவில் விலை இறங்கியது. இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் 2003 முதல் இது படிப்படியாகச் சேர்க்கப்பட்டது.

கீழாநெல்லியும் சோதனைக்கு உள்ளானது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மூலிகை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் வெளியுறைப் புரதம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. எனினும் பிற்கால ஆய்வுகள் அந்தப் பலனை உறுதிப்படுத்தவில்லை.

நம் முன்னோரைப் பழிப்பதற்கில்லை. தானே ஆறும் நோயையும் ஆறாத நோயையும் பிரித்தறிய அவர்களிடம் வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. 2003க்கு முன் பிறந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் அத்திட்டத்தின் காப்பு கிட்டவில்லை. அவர்களில் எவருக்கேனும் காமாலை கண்டால், மூலிகை தேடுமுன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: இது எந்த வகை?