தும்பை: போர்க்களத்துப் பூவும் எங்க வரப்புச் செடியும்

ஐப்பசி மழை நல்லா பேஞ்சா, கார்த்திகை மார்கழியில எங்க கரிசக்காட்டு வரப்பு நெடுக தும்பை பூத்துக் கெடக்கும். முழங்கால் உசரம்கூட இருக்காது. பூவைக் கிள்ளி அடிப்பக்கத்தை உறிஞ்சினா நாக்குல ஒரு சொட்டு இனிப்பு. திருச்சுழிப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போன என் வயசுக்காரங்க யாருக்கும் அது மறந்திருக்காது. வெளுத்த வேட்டியை தும்பைப்பூ மாதிரின்னு சொல்றதும் இதை வெச்சுத்தான்.

இம்புட்டுச் சின்னச் செடிக்குப் பழைய காலத்துல பெரிய மரியாதை இருந்திருக்கு. தொல்காப்பியத்துல புறத்திணை ஏழு. மாடு கவர்றது வெட்சி. படையெடுத்துப் போறது வஞ்சி. கோட்டையை வளைக்கிறது உழிஞை. ரெண்டு ராஜாவும் நேருக்கு நேரா நின்னு, யார் வீரன்னு பாத்துடுவோம்னு போடுற சண்டை தும்பை. ஜெயிச்சவனுக்கு வாகை. இன்னைக்கும் பேப்பர்ல 'வாகை சூடினார்'னு எழுதுறாங்க, தும்பை சூடினதை விட்டுட்டாங்க. எனக்கு ஒரு யோசனை. தும்பைப்பூ தொட்டாலே உதிர்ற பூ. அதைத் தலையில வெச்சுக்கிட்டு குதிரையில எப்படிப் போனாங்க? கொத்தோட ஒடிச்சுத்தான் வெச்சிருக்கணும்.

இந்தச் செடி புத்தகத்துல ஏறின கதை வேற. தரங்கம்பாடியில டென்மார்க்காரங்க கோட்டை கட்டி இருந்தாங்கல்ல, அங்க 1768-ல கோனிக்னு ஒரு டாக்டர் வந்தார். செடிகொடிக்கெல்லாம் ரெட்டைப் பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸோட மாணவர். அவருக்குப் பின்னாடி ராட்லர்ங்கிற பாதிரியார், கிளைன்ங்கிற டாக்டர் எல்லாம் நம்ம ஊர்ச் செடிகளைக் காயவெச்சு ஐரோப்பாவுக்கு அனுப்பினாங்க. ராட்லர் தமிழ் அகராதியும் தொகுத்தவர். இவங்க அனுப்பினதுல நிறைய செடி பெர்லின்ல இருந்த வில்டெனோ கைக்குப் போச்சு. அந்த வில்டெனோதான் 1809-ல தும்பைக்கு ஃப்ளோமிஸ் ஆஸ்பெரான்னு பேர் வெச்சவர். மறுவருஷமே ராபர்ட் பிரவுன் லூகாஸ்னு ஒரு இனத்தைத் தனியாப் பிரிச்சார். 1822-ல லிங்க்ங்கிறவர் தும்பையை அதுல சேத்தார். இன்னைக்கு வரைக்கும் லூகாஸ் ஆஸ்பெராதான். லூகாஸ்னா கிரேக்கத்துல வெள்ளை, ஆஸ்பெரான்னா லத்தீன்ல சொரசொரப்பு. இலையைத் தடவிப் பாத்தவன் வெச்ச பேரு.

துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இதுக்குப் பங்காளிங்க. தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருட்டிப் பாருங்க. உருளாது, நாலு பட்டை இருக்கும். இலை ஜோடி ஜோடியா எதிரெதிரே வரும். பூ கணுவைச் சுத்தி வளையமா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் மேலுதடு, கீழுதடு உண்டு. காஞ்ச கொத்தைத் தட்டினா பூவுக்கு நாலு விதை.

நம்ம ஆளுங்க கணக்கு வேற. பேய்மிரட்டியைப் பெருந்தும்பைம்பாங்க, அது சரியான பங்காளிதான். ஆனா தலையைத் தொங்கப்போட்டுப் பூக்குமே கவிழ்தும்பை, அது வேற குடும்பம். பூவுல உதடே கிடையாது. பேரு ஒண்ணா இருக்கேன்னு மருந்துக்குப் பறிக்கக் கூடாது.

மருந்துன்னு வந்தா ஒண்ணு சொல்லணும். சளிக்கு, தலைவலிக்கு எங்க அப்பத்தா தும்பைதான் தேடும். அதோட நிக்கல. பாம்பு கடிச்சாலும் தும்பைச்சாறுதான்.

1981-ல எங்க சித்தப்பா பருத்திக்காட்டுக் காவலுக்குப் போயி தரையில படுத்திருந்தார். விடியக்காலம் வந்து வயித்தை வலிக்குதுன்னார். கண்ணு இமை தூக்கம் வந்த மாதிரி கீழ விழுது. கட்டுவிரியன். அது கடிச்சா வலிக்காது, வீங்காது, பல்லுத்தடம்கூடத் தெரியாது. தும்பை பறிச்சுட்டு வாடான்னாங்க. எனக்கு அப்ப பத்து வயசு. ஓடி ஓடி மடி நிறையப் பறிச்சேன். சாறு பிழிஞ்சு மூணு தரம் குடுத்தாங்க. வண்டி கட்டையில மத்தியானம் ஆயிருச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேரல.

ஏன் அத்தனை பேரும் நம்பினாங்கன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். காட்டுல திரியுற பாம்புல பாதிக்கு மேல விஷமில்லாதது. விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமக் கடிக்கும். அத்தனை பேருக்கும் சாறு குடுத்தா பொழைச்சவங்க தும்பையைத்தானே புகழுவாங்க? செத்தவங்க வந்து சொல்லப் போறதில்ல.

நிஜமான விஷமுறிவு ஊசியை 1890-கள்ல கால்மெட்ங்கிற பிரெஞ்சு டாக்டர் கண்டுபிடிச்சார். விஷத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக் குதிரைக்கு ஏத்தி, அது ரத்தத்துல உண்டாகுற எதிர்ப்பைப் பிரிச்சு எடுக்கிறது. அந்த ஊசிக்கு விஷம் எடுத்துக் குடுக்கிறதும் நம்ம ஆளுங்கதான். 1978-ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் போற வழியில வடநெம்மேலியில இருக்கு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே ஊசி. அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. யாருக்காவது கடிச்சா தும்பையைத் தேடிக்கிட்டு நிக்காம வண்டியை எடுங்க.

தும்பை மேல எனக்குக் கோவம் கிடையாது. அது என்ன பண்ணும்? பருத்தி போயி மக்காச்சோளம் வந்ததுல இருந்து, அட்ரசின் அடிச்ச காட்டுல அது தலைகாட்டுறது இல்ல. தேனீயும் முந்தி மாதிரி வர்றதில்ல. நான் கிழக்கு வரப்பை மட்டும் மருந்தடிக்காம விட்டு வெச்சிருக்கேன். பிரதோஷத்தன்னிக்கு எங்க சித்தி அதுல ஒரு கொத்து ஒடிச்சுக்கிட்டுத்தான் திருச்சுழி திருமேனிநாதர் கோயிலுக்கு பஸ் ஏறும்.