வெதரிங் வித் யூ – ஜப்பானிய அனிமே திரைப்படம்

மகோட்டோ ஷின்காய் எழுதி இயக்கிய ஜப்பானிய அனிமே காதல் திரைப்படம். 2019 ஜூலை 19 அன்று ‘தென்கி நோ கோ’ என்ற பெயரில் ஜப்பானில் வெளியானது. பிற நாடுகளில் ‘வெதரிங் வித் யூ’ என்ற ஆங்கிலப் பெயரே நிலைத்துவிட்டது. வீட்டைவிட்டு ஓடிவந்த ஒரு பையன், வேண்டிக்கொண்டால் வெயிலை வரவழைக்கும் ஒரு பெண், விடாத மழையில் ஊறிக்கிடக்கும் டோக்கியோ: கதைக்கு இவை போதுமானவையாக இருக்கின்றன. முதல் பாதி கலகலப்பான காதல் நகைச்சுவை. பின்பாதி விதியோடு மல்லுக்கு நிற்பவர்களின் கதை. ரசிகர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டதால் 2019 அக்டோபர் 11 அன்று இந்தியத் திரையரங்குகளுக்கும் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைச் செய்தியில் பார்த்து மழைக்காலத்தைக் கடத்தும் பூந்தமல்லி, குன்றத்தூர் வட்டாரத்தாருக்கு இந்தப் படம் அயல்நாட்டுக் கதையாகவே தோன்றாது.

கதை

பதினாறு வயது ஹொடாகா மொரிஷிமா கோசுஷிமா என்ற தீவிலிருந்து கப்பலேறி டோக்கியோவுக்கு ஓடிவருகிறான். ஏன் ஓடிவந்தான் என்பதைப் படம் விரித்துச் சொல்வதில்லை. ஊரில் மூச்சுமுட்டியது என்ற அளவில் விட்டுவிடுகிறது. அடையாள அட்டை காட்ட முடியாதவனுக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை. கையிலிருந்த பணம் கரைந்து, மெக்டொனால்ட்ஸ் கடையில் ஒரு சூப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு இரவைத் தள்ளுகிறான். அங்கே வேலை செய்யும் பெண் அவன் கேட்காமலே ஒரு பர்கரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சின்னச் சிரிப்போடு போய்விடுகிறாள். தன் வாழ்நாளில் இவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை என்று நினைத்துக்கொள்கிறான். பின்னால் நடக்கும் அத்தனைக்கும் அந்த ஒரு பர்கர்தான் விதை. பசித்தவனுக்குச் சோறு போட்டவள் என்ற நன்றியிலிருந்து இந்தக் காதல் முளைப்பதால்தான், அவளுக்காக அவன் எதையும் செய்வான் என்பதை நம்மால் நம்ப முடிகிறது.

ஆவி, அமானுஷ்யம் பற்றி எழுதிப் பிழைக்கும் சுகா கெய்சுகே என்பவரிடம் ஹொடாகாவுக்கு எடுபிடி வேலை கிடைக்கிறது. மழையை நிறுத்தி வெயிலை வரவழைக்கும் பெண் ஒருத்தி இருப்பதாக ஊரில் பேச்சு. தேடிப் போனால் அது பர்கர் கொடுத்த அதே பெண், ஹினா அமானோ. ஒரு வருடத்துக்கு முன் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பாழடைந்த கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் மட்டும் வெளிச்சம் விழுவதைப் பார்த்து ஓடினாள். அங்கிருந்த கோயில் தோரணவாயிலை வேண்டிக்கொண்டே கடந்தாள். தாயோடு இன்னொரு முறை வெயிலில் நடக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல். தாய் பிழைக்கவில்லை, வரம் மட்டும் மிஞ்சியது. தம்பி நாகியோடு தனியாகக் காலந்தள்ளும் அவளுக்குப் பணம் தேவை. ஹொடாகா ஓர் இணையதளம் போடுகிறான்: 3,400 யென் கொடுத்தால் வேண்டிய இடத்தில் வெயில்.

படத்தின் இனிப்பான பகுதி இதுதான். சந்தை போட்டவர்கள், கல்யாண வீட்டார் என்று ஆளாளுக்கு வெயில் கேட்டு வருகிறார்கள். நாகி ஆரம்பப்பள்ளி மாணவன், ஆனால் பெண்களிடம் பேசுவதில் கைதேர்ந்தவன். பேருந்தில் ஒரு தோழியை வழியனுப்பிய கையோடு அடுத்தவளை வரவேற்கிறான். அதைப் பார்த்து அசந்துபோன ஹொடாகா, தன்னைவிடச் சின்னவனான அவனை மூத்தவர்களை அழைக்கும் மரியாதையோடு அழைத்துக் காதலுக்கு யோசனை கேட்கிறான். இந்தச் சிரிப்பு கதையை நிரப்பப் போட்டதல்ல. பெரியவர்கள் யாருமில்லாத மூன்று பிள்ளைகள் ஒரு குடும்பமாக ஒட்டிக்கொள்வதை நாம் அந்தச் சிரிப்பின் வழியாகத்தான் பார்க்கிறோம்.

வாடிக்கையாளர்களில் ஃபுமி தாச்சிபானா என்ற மூதாட்டி மறக்க முடியாதவர். இறந்துபோன கணவரின் ஆவி வீடு திரும்புவதாக நம்பப்படும் ஓபோன் நாளில், அவர் வழி தவறாமல் வர வானம் தெளிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார். மகாளய அமாவாசைக்குக் காத்திருக்கும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இந்த ஆசையை விளக்கவே வேண்டாம்.

வரத்துக்கு விலை உண்டு. வேண்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஹினாவின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகிறது. தோளின் வழியே வெளிச்சம் ஊடுருவுகிறது. வானிலைப் பெண் தன்னைப் பலிகொடுத்தால்தான் பருவம் சீராகும் என்கிறது தொன்மம். ஆகஸ்டில் பனி கொட்டும் ஓர் இரவுக்குப் பின் ஹினா மறைகிறாள். மறுநாள் டோக்கியோவில் வெயில் கொளுத்துகிறது. ஊரே மகிழ்கிறது. ஹொடாகா மட்டும் காவலர்களிடமிருந்து தப்பி, தண்டவாளத்தின் மேலேயே ஓடி, அந்த மொட்டைமாடிக்குப் போய், மேகத்துக்குள்ளிருந்து அவளை மீட்டுவருகிறான். மழை திரும்பத் தொடங்குகிறது. மூன்று ஆண்டுகள் நிற்காமல் பெய்து நகரத்தின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கிவிடுகின்றன.

முடிவு குறித்து

படத்தைப் பற்றி எழுந்த வாதங்களில் பெரும்பாலானவை இந்த முடிவைச் சுற்றியவை. ஒரு பெண்ணுக்காக ஒரு நகரத்தையே விட்டுக்கொடுப்பது நியாயமா? தன் முந்தைய படமான ‘யுவர் நேம்’ படத்துக்கு வந்த விமர்சனங்களுக்குப் பிறகு, எல்லோரையும் திருப்திப்படுத்தும் கதையை விட்டுப் பார்ப்பவர்களைப் பிரிக்கும் கதை ஒன்றைச் செய்ய ஷின்காய் துணிந்தார்.

பலி கொடுத்து இயற்கையைச் சாந்தப்படுத்தும் கதைகள் நம் மண்ணிலும் ஏராளம். ஏரியில் நீர் நிற்க வீட்டு மருமகளைப் பலியிடும் ‘கெரெகெ ஹாரா’ கன்னடத்தின் பெயர்பெற்ற கதைப்பாடல். தமிழ்நாட்டிலும் கரை உடையாமலிருக்கக் கன்னிப்பெண்ணைக் காவு கொடுத்துப் பின்னர் தெய்வமாக்கிய கதைகளைக் கிராமங்களில் கேட்கலாம். பெண்ணின் கற்புக்கு மழை கட்டுப்படும் என்ற எண்ணமோ திருக்குறள் அளவுக்குப் பழமையானது. இந்தக் கதைகளிலெல்லாம் ஊர் பிழைக்கிறது, பெண் சிலையாகிறாள். ‘வெதரிங் வித் யூ’ இந்தக் கணக்கை ஏற்க மறுக்கிறது. ஒருத்தி போனால் வானிலை சரியாகுமென்றால் யார்தான் வேண்டாமென்பார் என்று சுகா ஒரு கட்டத்தில் பேசுகிறார். அவர் கெட்டவர் அல்லர். ஆஸ்துமா உள்ள மகளுக்கு மழை ஆகாது என்று தவிக்கும் தகப்பன். அதனால்தான் அந்தப் பேச்சு நம்மைச் சுடுகிறது.

காதலர் முதன்முதலில் சந்திப்பது ஊழின் ஆணையால் என்கிறது தொல்காப்பியக் களவியல். ஹொடாகாவும் ஹினாவும் அப்படித்தான் சந்திக்கிறார்கள். ஆனால் அடுத்த அடியை ஊழின் தலையில் போட ஷின்காய் விடவில்லை. மூன்று வருடம் கழித்து நகரம் திரும்பும் ஹொடாகாவிடம் ஃபுமி பாட்டி, இந்த இடமெல்லாம் பழைய காலத்தில் கடலாகத்தானே இருந்தது என்று ஆறுதல் சொல்கிறார். உலகம் என்றைக்கும் பைத்தியம் பிடித்துத்தான் கிடக்கிறது, உன்னால் எதுவும் மாறிவிடவில்லை என்கிறார் சுகா. இருவரும் அன்பினால் சொல்கிறார்கள். ஹொடாகா அந்த மன்னிப்பை ஏற்பதில்லை. உலகம் தானாக மாறவில்லை, நாங்கள்தான் மாற்றினோம் என்ற பொறுப்போடு அவளைப் பார்க்கப் போகிறான். இந்தப் படத்தை மற்ற இளங்காதல் அனிமேக்களிலிருந்து மேலே தூக்குவது இந்த ஒரு மறுப்புதான் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

உருவாக்கம்

காமிக்ஸ் வேவ் ஃபிலிம்ஸ் தயாரித்து, தோஹோ வெளியிட்டது. கதாபாத்திர வடிவமைப்பு மசயோஷி தனாக்கா. இசை ராட்விம்ப்ஸ் குழு. ஹொடாகாவுக்கு கொதாரோ தைகோவும் ஹினாவுக்கு நானா மோரியும் குரல் கொடுத்தார்கள். 2,000-க்கு மேற்பட்டோர் கலந்துகொண்ட தேர்வில் இருந்து எடுக்கப்பட்டவர்கள் இவர்கள். ‘யுவர் நேம்’ படத்தின் நாயகன் தாக்கியும் நாயகி மிட்சுஹாவும் இதில் சற்றே தலைகாட்டிப் போகிறார்கள். மொட்டைமாடிக்கு மாதிரியாக அமைந்த யோயோகி கட்டடம் நிஜமாகவே இருந்தது. படம் வெளியான அடுத்த மாதமே அதை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஓவியத்தில் மழையே தனிக் கதாபாத்திரம். கண்ணாடியில் வழியும் துளி, தார்ச்சாலையில் மோதிச் சிதறும் துளி, விளக்கொளியில் ஊசியாய் இறங்கும் சாரல் என்று ஒவ்வொன்றையும் வேறுபடுத்தி வரைந்திருக்கிறார்கள். ஹினா கைகூப்பியதும் துளிகள் ஒரு கணம் அந்தரத்தில் தயங்கி, மேகம் கிழிந்து, வெளிச்சம் கூரை கூரையாக ஊர்ந்து வருவது திரையரங்கில் பார்க்க வேண்டிய காட்சி.

ஜப்பானில் 1,400 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து, அந்த ஆண்டின் ஜப்பானியப் படங்களில் முதலிடம் பிடித்தது. ஜப்பானிய அகாதமியின் சிறந்த அனிமேஷன் விருதையும் வென்றது. ஆஸ்கரின் சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்கு ஜப்பான் இதையே அனுப்பியது. ‘பிரின்சஸ் மொனோனோகே’க்குப் பிறகு அப்படி அனுப்பப்பட்ட முதல் அனிமே இது. இறுதிப் பட்டியலில் இடம்பெறவில்லை.

இந்தியாவிலும் செம்பரம்பாக்கத்தின் கரையிலும்

இந்தியாவிலும் படத்தை வெளியிட வேண்டும் என்று ரசிகர்கள் இணையத்தில் தொடங்கிய மனுவில் 50,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் மட்டும் அனிமே பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை, எங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்ட கோரிக்கை அது. அந்தக் குரல் ஷின்காய்வரை போய்ச் சேர்ந்தது.

அந்த 2019, சென்னை மறக்க முடியாத வறட்சி ஆண்டு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்த அறநிலையத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ஏற்றிய ரயில் வில்லிவாக்கம் வந்துசேர்ந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, வெயிலுக்காக ஏங்கும் நகரத்தின் கதை ஜப்பானில் திரைக்கு வந்தது. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருந்த அக்டோபரில் அது இந்தியாவை எட்டியது.

அதற்கு நான்காண்டுகள் முன்பு நிலைமை தலைகீழ். 24 அடி முழு உயரமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கத்திலிருந்து 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை உபரிநீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை நெடுக வீடுகள் மூழ்கின. இது இயற்கையின் சீற்றமா, மதகைத் திறப்பதில் நேர்ந்த மனிதப் பிழையா என்ற கேள்வி ஓயவில்லை. 2018-இல் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. இன்றும் ஏரி நிரம்பினால் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று கரையோர ஊர்களை வரிசையாகச் சொல்லி எச்சரிக்கை வருகிறது. ‘ஷட்டர் தொறந்துட்டாங்களா?’ என்று பூந்தமல்லி டீக்கடையில் கேட்பவருக்கு, வானம் செய்வது எது, மனிதர் முடிவு செய்வது எது என்ற வேறுபாடு நன்றாகத் தெரியும். ஹொடாகா ஃபுமி பாட்டியின் ஆறுதலை ஏன் ஏற்கவில்லை என்பதும் அவருக்குச் சட்டென்று புரியும்.

பூந்தமல்லிக்கு இன்னொரு தொடர்பும் சொல்லலாம். இவ்வூரில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியபடியே அவரோடு பேசியவர் என்பது வைணவ மரபு. இராமானுசரின் ஐயங்களுக்கு இறைவனிடம் விடை கேட்டுவந்ததும் அவரே. அடுத்தவருக்காக மேலே கேட்டுச் சொல்பவர் தமக்கென எதையும் கேட்டுக்கொள்வதில்லை. ஹினாவின் நிலையும் அதுதான். உனக்காக வேண்டிக்கொள் என்று அவளிடம் முதலில் சொல்பவன் ஹொடாகா.

பின்னர் வந்தவை

ஷின்காயின் அடுத்த படமான ‘சுசுமே’, நிலநடுக்கத்தை மையமாகக் கொண்டது. 2023 ஏப்ரல் 21 அன்று இந்தியாவில் வெளியானபோது அதற்கென யாரும் மனுப் போட வேண்டியிருக்கவில்லை. 2025 செப்டம்பர் 12 அன்று இன்னொரு ஜப்பானிய அனிமே படமான ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது.