மண்ணுக்குரிய உணவு பெருங்குடிக்குப் போகலாமா?

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வாழும் நமக்கு மண்வளம் என்பது உழவர்களின் கவலை. அரிசி கடையில் கிடைக்கிறது, அதோடு சரி. ஆனால் விளைநிலத்தின் சத்து நெல்லாகவும் காய்கறியாகவும் தினமும் நம் அடுப்படிக்கு வந்துகொண்டிருக்கிறது. திரும்பிப் போவதுதான் இல்லை.

மக்கிய தோலும் தண்டும் இலையும் மண்ணில் கரிமமாகத் தங்குகின்றன. அவை மண் துகள்களைப் பிணைத்து, மழைநீரைப் பஞ்சு போலப் பிடித்து வைக்கின்றன. மழை தள்ளிப்போனால் பயிர் சில நாள் தாங்கும். கொட்டித் தீர்த்தால் மேல்மண் எளிதில் அரித்துப் போகாது. யூரியா தழைச்சத்தைத் தரும், இந்தக் கரிமத்தைத் தராது. காற்று மண்டலத்தில் இருப்பதைவிட அதிகக் கரிமம் உலகின் மண்ணில்தான் இருக்கிறது. பருவநிலை பற்றிய பேச்சில் மண் இடம்பெறுவது இதனால்தான்.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தமது ‘கிதாபுல் ஃபிலாஹா’வை மண் வகைகளில் தொடங்கி, அடுத்ததாக எருவைப் பற்றித்தான் எழுதினார். பயிர்கள் அதற்குப் பிறகே வருகின்றன.

நம் ஊரில் நடப்பது வேறு. தென்சென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கில் குவிந்தது. காற்றுப் புகாமல் அழுகும் உணவுக் கழிவிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் வெப்பமூட்டக் கூடியது. 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது!

பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் ‘பயோமைனிங்’ பணியை மாநகராட்சி மேற்கொண்டது. நல்ல பணிதான். ஆனால் அப்படிச் சலித்தெடுத்த மண்ணில் கண்ணாடித் துகளும் கன உலோகமும் கலந்திருக்கக் கூடும். அதை வயலில் போட யாரும் யோசிப்பார்கள். எனவே பிரிப்பது அடுப்படியிலேயே நடக்க வேண்டும்.

துளையிட்ட ஒரு தொட்டி போதும். காய்கறிக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த சருகு இரண்டு பங்கு என அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு, மூன்று மாதங்களில் எருவாகிவிடும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் சருகு போடலாம். சருகுக்கு அடையாற்றுச் சாலைகளில் பஞ்சமில்லை. இறைச்சியும் எண்ணெயும் மட்டும் வேண்டாம், எலி வரும். வலீமாவில் மிஞ்சும் பிரியாணிக்கு இந்தத் தொட்டி தீர்வல்ல. அளவாகச் சமைப்பதுதான் வழி.

5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்திலேயே எருவாக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நாம் இதைக் கேட்கலாம்.