'நீதான் வனச்சரகர்!' - கூச்சப்படும் மாணவர்களைப் பேச வைக்கும் ரோல் பிளே விளையாட்டு... எப்படி ஆடுவது?

பாடம் தெரியும், மார்க்கும் வரும். ஆனா, நாலு பேர் முன்னாடி பேசச் சொன்னா வாய் திறக்காது. ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை தேடும் கெலமங்கலம் பகுதி மாணவர்களுக்கு, நேர்காணலில் இந்தத் தயக்கமே தடையாகலாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, வகுப்பில் தமிழுக்கு மாறும் பிள்ளைகளுக்குக் கூச்சம் இன்னும் கூடலாம். இதற்கு ஒரு விளையாட்டு கைகொடுக்கும்.

அது என்ன விளையாட்டு?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பேசிப் பேசியே கதையை நகர்த்துவதுதான் 'டேபிள்டாப் ரோல் பிளே'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதில் முன்னோடி. டென்மார்க்கில் 2006-ல் தொடங்கிய ஓஸ்டர்ஸ்கோவ் பள்ளியில் பாடங்களையே ரோல் பிளே வழியாக நடத்துகிறார்கள்.

நம்ம ஊர் பரமபதத்திலும் பகடை உண்டு. ஆனால் அங்கே ஏணியா, பாம்பா என்பதைப் பகடையே முடிவு செய்யும். இங்கே முதலில் பிள்ளை முடிவெடுக்க வேண்டும். அது பலிக்குமா என்பதை மட்டுமே பகடை சொல்லும்.

எப்படி ஆடுவது?

* 5 பேர் கொண்ட குழு. கதை சொல்பவர் ஆசிரியர் அல்லது ஒரு மாணவர்.
* கதை: ராகி அறுவடை நேரம். இரவில் யானைக் கூட்டம் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது.
* பாத்திரங்கள்: விவசாயி, வனச்சரகர், நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும் தொழிலாளி, ஊராட்சித் தலைவர்.
* "இப்போ என்ன செய்வீங்க?" என்று கேட்க வேண்டும். பேசி முடிவெடுத்ததும் பகடை உருட்டலாம். 4, 5, 6 விழுந்தால் திட்டம் பலித்தது. இல்லையென்றால் மாற்றுவழி யோசிக்க வேண்டும்.

என்ன பலன்?

தன் பெயரில் பேசக் கூச்சப்படும் பிள்ளை, 'வனச்சரகர்' என்றால் துணிந்து பேச வாய்ப்பு அதிகம். தப்பானாலும் தோற்றது பாத்திரம்தானே! உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட 10 வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுத்தல், பிறர் நிலையை உணர்தல், தகவல் தொடர்பு மூன்றுக்கும் இதில் பயிற்சி கிடைக்கிறது.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

* ஆட்டம் முடிந்ததும் 10 நிமிடம் பேசுங்கள். "விவசாயி ஏன் கோபப்பட்டார்?" போன்ற கேள்விகளில்தான் பாடமே இருக்கிறது.
* மார்க் போடாதீர்கள். மொழி கலந்து பேசினால் திருத்தாதீர்கள்.
* விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். முதல் நாள் பகடை உருட்டட்டும், போதும்.

2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் வேலைக்கான திறன்களைத்தான் வலியுறுத்துகிறது. அதற்கான முதல் பயிற்சியை ஒரு பகடை, நாலு துண்டுச் சீட்டு இருந்தாலே வகுப்பில் தொடங்கிவிடலாம்.