ஏற்றுமதி விற்பனை வழிகள்: திருப்பூர்ப் பின்னலாடை

விற்பனை வழியைத் தேர்வது என்பது, ஏற்றுமதிச் சரக்கு யார் யார் கைமாறி அயல்நாட்டு வாடிக்கையாளரைச் சேர வேண்டும் என்று உற்பத்தியாளர் முடிவு செய்வது. திருப்பூரில் பெரிய நிறுவனங்கள் ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கிலித்தொடர் கடைகளிடம் நேரடியாக ஆர்டர் எடுக்கின்றன. சிறிய நிறுவனங்கள் பலவும் நம்பியிருப்பது, வாங்குபவருக்கும் உற்பத்தியாளருக்கும் இடையே நிற்கும் பையிங் ஹவுஸ்களை. சாம்பிளுக்கு ஒப்புதல் பெறுவது, துணியின் நிறம், ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), தையல் அளவு ஆகியவற்றைச் சரிபார்ப்பது, அட்டைப்பெட்டிகள் கிளம்புமுன் இறுதிச் சோதனை நடத்துவது எல்லாம் அவற்றின் பொறுப்பு. அதற்குக் கமிஷன் உண்டு. புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு இந்த வழியே பாதுகாப்பு. எந்த வழியானாலும் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றும்வரையிலான செலவு மட்டும் அடங்கிய விலையில், விற்றால், தூத்துக்குடியில் சரக்கு கப்பலேறிய பிறகு கடல் சரக்குக் கட்டணம் வாங்குபவருடையது. ஆனால் நேரடி ஆர்டர், பையிங் ஹவுஸ் ஆகிய இவ்விரு வழிகளிலும் லேபிளில் பெரும்பாலும் வாங்குபவரின் பெயர்தான் இருக்கும். தைத்தவருக்கு விலை பேசும் பலம் குறைவு. சொந்த பிராண்டுடன் வெளிநாட்டில் முகவரும் கிடங்கும் வைத்தால் அந்தப் பலம் கூடும். ஆனால் விற்காமல் தேங்கும் சரக்கின் நட்டமும் உற்பத்தியாளர் தலையில்தான் விழும்.