வெஸ்ட்பேலியா சமாதானம்

1618-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி, பொஹிமியாவின் தலைநகரான பிராக் நகரக் கோட்டையில், பிராட்டஸ்டண்டுப் பிரபுக்கள் சிலர் சக்கரவர்த்தியின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய காரியதரிசியையும் சாளரத்தின் வழியே வெளியே எறிந்தனர். மூவரும் உயிர் தப்பினர். ஆயினும் அன்று பற்றிய தீ அணைய முப்பது ஆண்டுகள் ஆயின.

சமயப் பூசலாகத் தொடங்கிய போர், நாளடைவில் அரச வமிசங்களின் போட்டியாக மாறிற்று. கத்தோலிக்க நாடாகிய பிரான்ஸே, கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் வமிசத்தை எதிர்த்துப் பிராட்டஸ்டண்டு நாடாகிய ஸ்வீடனுடன் கைகோத்தது. வாளுக்கு இரையானோரைவிடப் பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் இரையானோரே மிகுதி.

இறுதியில், ஜெர்மனியின் வடமேற்கிலுள்ள வெஸ்ட்பேலியாவில் சமாதானப் பேச்சு தொடங்கிற்று. ஆனால் போப்பாண்டவரின் தூதர் பிராட்டஸ்டண்டுகளுடன் நேரில் பேச இசையவில்லை. பிரான்ஸும் ஸ்வீடனும் ஒன்றுக்கொன்று முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆதலால் முன்ஸ்டர், ஒஸ்னாப்ரூக் என்னும் இரு நகரங்களில் தனித்தனியே மாநாடு கூடியது. யாரை எவ்வாறு விளிப்பது, யார் முன்னே செல்வது என்ற வாதங்களிலேயே மாதங்கள் கழிந்தன. அப்போதும் போர் ஓயவில்லை. 1648 அக்டோபர் 24-ஆம் தேதி, லத்தீன் மொழியில் அமைந்த இரு உடன்படிக்கைகள் கையொப்பமாயின.

அவற்றின் சிறப்பை உணர, 1555-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் ஏற்பாட்டை நினைவு கூர்தல் வேண்டும். அதன்படி, நாட்டின் சமயத்தை நிர்ணயிப்பவன் அதனை ஆளும் சிற்றரசன். அதை ஏற்காத குடிகள் வீடு வாசலை விற்றுவிட்டு வெளியேறலாம். லூத்தர் வழியினர்க்கு இடமளித்த அந்த ஏற்பாடு, கால்வின் வழியினரை ஏற்கவில்லை. அரசன் சமயம் மாறினால் குடிகளின் கதி என்ன? இக்கேள்விதான் மீண்டும் மீண்டும் கலகத்தை விளைத்தது.

புதிய உடன்படிக்கை 1624-ஆம் ஆண்டை அளவுகோலாகக் கொண்டது. அவ்வாண்டில் எவர் எந்த வழிபாட்டுரிமையைப் பெற்றிருந்தனரோ, அவ்வுரிமை அவர்க்கே நிலைத்தது. அரசன் பின்னர் சமயம் மாறினாலும், குடிகளை மாற்றும் அதிகாரம் அவனுக்கு இல்லை. கால்வின் வழியினரும் அங்கீகாரம் பெற்றனர். சாம்ராஜ்ய சபையில் சமய வழக்கு எழுந்தால், பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்தலாகாது. இரு தரப்பும் தனித்தனியே கூடி, இசைவினாலேயே தீர்த்தல் வேண்டும். ஒஸ்னாப்ரூக் மேற்றிராசனத்தைக் கத்தோலிக்கரும் லூத்தர் வழியினரும் மாறிமாறி ஆள்வதென்றும் முடிவாயிற்று. இவ்விந்தையான ஏற்பாடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இச்சமாதானம் எல்லோர் கண்ணீரையும் துடைத்துவிடவில்லை. ஹாப்ஸ்பர்க் வமிசத்தின் பரம்பரை நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இச்சலுகைகள் கிட்டவில்லை. போர் மூண்ட பொஹிமியாவிலிருந்து வெளியேறிய பிராட்டஸ்டண்டுகள் தாயகம் திரும்பும் நம்பிக்கையை இழந்தனர். அவர்களுள் ஒருவரே புகழ்பெற்ற கல்வியறிஞர் கொமேனியஸ். போப்பாண்டவர் பத்தாம் இன்னொசென்ட் உடன்படிக்கையைக் கண்டித்தார். எனினும், எந்தக் கண்டனமும் தன்னைச் செல்லாததாக்க இயலாது என்று உடன்படிக்கையே முன்கூட்டி விதித்திருந்தது.

எந்தச் சமயம் மெய்யானது என்ற வினாவுக்கு அங்கு ஒருவரும் விடை காணவில்லை. அதற்கு விடை காணாமலேயே அண்டை வீட்டாராக வாழ்வதற்கு விதிகள் வகுத்தனர். போர்க்காலத் தீங்குகளை இரு சாராரும் அடியோடு மறந்து மன்னிப்பது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. ஆக்ஸ்பர்க் நகரத்து லூத்தர் வழியினர், தம் வழிபாட்டுரிமை மீண்டதைப் போற்றி 1650-இல் ஒரு விழா எடுத்தனர். ஆகஸ்டு 8-ஆம் தேதி அந்நகரத்தார் இன்றும் அச்சமாதான விழாவைக் கொண்டாடுகின்றனர். இப்போது அவ்விழாவில் கத்தோலிக்கரும் கலந்துகொள்கின்றனர்.